பெரியவர்களுக்கான கற்றல் குழுவை நடத்த எப்படிப்பட்ட ஆள் வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு நூலகத்தில் பெரியவர்களுக்காக வாரம் ஒருமுறை கூடும் கற்றல் குழுவைத் தொடங்குகிறார்கள். அதை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் ஆசிரியர் இல்லை, கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வேலையை நன்றாகச் செய்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள், முதலில் ஏதாவது சான்றிதழ்ப் படிப்பு முடித்துவிட்டு வர வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

சான்றிதழைக் கடைசியில் பார்ப்போம். முதலில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தப்பிக்கலாம்.

என் முதல் குழு. ரொம்பப் பொறுப்பாக நடந்துகொள்வதாக நினைத்து, முதல் நாளே ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துவிட்டால் பாடத்தைப் பிரிப்பது சுலபம் என்று கணக்கு. 22 பேர் வந்திருந்தார்கள். அதுவரை கலகலவென்று இருந்த அறை, தாளைக் கொடுத்ததும் அடங்கிப்போனது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், இடது கையை வளைத்துத் தாளை மறைத்தபடி குனிந்திருந்தார். பக்கத்துப் பையன் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று சின்ன வயதில் மறைப்போமே, அந்த மாதிரி. அவர் தாளில் மறைக்க ஒன்றும் இல்லை என்பது வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் 9 பேர் வந்தார்கள். அவர் வரவில்லை, அப்புறமும் வரவில்லை.

பெரியவர்கள் எவரும் புதிதாகப் படிக்க வருவதில்லை. ஏற்கெனவே ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து எழுந்தவர்களாக வருகிறார்கள். அங்கே நன்றாகப் படித்தவருக்கு நாம் என்ன செய்தாலும் ஒட்டிக்கொள்ளும். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு, கரும்பலகையின் வாடையே போதும், எழுந்து போய்விடுவார். போகும்போது சண்டை போடவும் மாட்டார். "வேலை வந்துடுச்சு" என்பார், அவ்வளவுதான். ஆகவே இந்தப் பொறுப்பில் இருப்பவரின் முதல் வேலை, இன்று வந்தவர் அடுத்த வாரமும் வருவதற்கு வழிசெய்வது என்பேன். பாடம் எடுப்பது அதற்கு அடுத்தபடிதான். நான் பார்த்த நல்ல ஒருங்கிணைப்பாளர்கள் எல்லோரிடமும் இருந்த ஒரே பொதுக்குணம் இது. மற்றதில் அவர்கள் வடதுருவம் தென்துருவம்.

ஆசிரியராக இல்லாததைக் குறையாகச் சொல்கிறீர்கள். அதையே தகுதியாக எடுத்துக்கொண்ட ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலக் கடலோரத்தில் ஜான்ஸ் தீவு என்று ஓர் இடம். 1950-களில் அங்கே கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை. தீவில் பஸ் ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ், வேலைக்குப் போகும் பயணிகளுக்கு ஓடும் பஸ்ஸிலேயே அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். போதவில்லை. டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் 1932-ல் பெரியவர்களுக்காகத் தொடங்கியிருந்த ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியின் உதவியோடு ஒரு வகுப்பைத் தொடங்க முடிவானது. அங்கே பணியாற்றிய செப்டிமா கிளார்க் பல்லாண்டு அனுபவமுள்ள ஆசிரியை. கறுப்பின உரிமை அமைப்பில் உறுப்பினராக இருந்ததற்காக 1956-ல் வேலையை இழந்தவர். ஆனால் அவர்கள் தேடியது இன்னோர் ஆசிரியரை அல்ல. பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுக்கலைஞரைப் பிடித்தார்கள். முடி அலங்காரம் செய்பவர். "நான் ஆசிரியை இல்லையே" என்று அவர் தயங்கினார். அதனால்தான் வேண்டும் என்றார்கள். பழக்கப்பட்ட ஆசிரியர் வந்தால் பள்ளிக்கூடத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்பது அவர்கள் பயம்.

1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் 14 பேரோடு வகுப்பு தொடங்கியது. ராபின்சன் முதலில் கொண்டுபோனது தொடக்கப்பள்ளிப் பாடப் பொருட்களைத்தான். குழந்தைகளுக்கான அந்தச் சமாச்சாரம் வயலிலும் வீடுகளிலும் உழைத்துவிட்டு வந்தவர்களுக்கு ஒத்துவராது என்று சீக்கிரமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "உங்களுக்கு என்ன கத்துக்கணும்?" என்று கேட்டார். சொந்தப் பெயரை எழுத வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டும். மணி ஆர்டர் படிவம் நிரப்ப வேண்டும். பைபிள் வாசிக்க வேண்டும். ஓட்டுப் போட வேண்டும். அந்தப் படிவங்களே பாடப்புத்தகம் ஆயின. சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டிவைத்து, வகுப்பு முடிவதற்குள் இதை எல்லோரும் வாசித்துவிட வேண்டும் என்றார். பிள்ளைகளின் பாடத்தை ஒதுக்கினார், இலக்கைத் தாழ்த்தவில்லை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இந்த வேலையின் சூட்சுமம் என்று நினைக்கிறேன். பின்னால் இது தென் மாநிலங்கள் முழுக்க 'குடியுரிமைப் பள்ளிகள்' என்று பரவியது.

"என்ன கற்றுக்கொள்ள வேண்டும்" என்று கேட்பது சுலபம் என்று தோன்றும். அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. என் குழு ஒன்றில் ஓர் அம்மா, "எனக்கு எக்செல் கத்துக்கணும்" என்றார். சரி என்று ஆரம்பித்தேன். மேலே இருக்கும் பட்டை, கீழே இருக்கும் தாள், கட்டம், சூத்திரம் என்று இரண்டு வாரம் வரிசையாக நடத்தினேன். அவரும் ஒழுங்காகக் குறிப்பெடுத்தார். மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நின்றபடி கேட்டார்: "எங்க சங்கத்துல சந்தா கட்டாதவங்க பேரு மட்டும் தனியா வர மாதிரி செய்ய முடியுமா?" ஃபில்டர் போட வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. அதை அவர் செய்து பார்த்து, திரையில் பதினோரு பெயர் மட்டும் மிஞ்சியபோது சிரித்த சிரிப்பு அந்த இரண்டு வாரத்திலும் வரவே இல்லை. அதற்கு அடுத்த வாரம் தன் பக்கத்தில் இருந்தவருக்கு அவரே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் "என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. "அது தெரிஞ்சா முதல்ல என்ன செய்வீங்க?" என்றும் கேட்கிறேன். எக்செல் என்பது பாடத்தின் பெயர். சந்தா கட்டாத பதினோரு பேர்தான் விஷயம்.

இதையே முறையாகச் செய்து காட்டியவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாலோ ஃப்ரெய்ரே. 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முயற்சியை நடத்தினார். அந்த 40 மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வகுப்பு தொடங்கும் முன் குழுவினர் மக்களோடு பழகி, அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைத் திரட்டினார்கள். அதிலிருந்து சில சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் முறையில் புகழ்பெற்ற ஒரு சொல் 'திஜோலோ', அதாவது செங்கல். முதலில் செங்கல் வைத்துக் கட்டும் படத்தைக் காட்டி, யார் கட்டுகிறார்கள், யாருக்கு வீடு என்று பேச்சு. பிறகு சொல்லைத் தி, ஜோ, லோ என்று உடைப்பார்கள். ஒவ்வோர் அசைக்கும் அதன் வரிசை ஓர் அட்டையில் இருக்கும்: த, தே, தி, தோ, து என்று, நம் உயிர்மெய் வரிசை போல. அந்த அட்டையை வைத்துக்கொண்டு படிப்பவர்களே புதுச் சொற்களைக் கோத்தார்கள். லோஜா என்றால் கடை. லுத்தா என்றால் போராட்டம். யாரும் சொல்லித்தராத ஒரு சொல்லைத் தானே கண்டுபிடித்து எழுதும் ஆள் அடுத்த நாள் வராமல் இருப்பாரா?

ஃப்ரெய்ரே தன் வகுப்புகளை வட்டங்கள் என்றுதான் சொன்னார். அவற்றில் ஆசிரியர் என்ற பெயரே கிடையாது, ஒருங்கிணைப்பாளர்தான். மாணவர் கிடையாது, பங்கேற்பாளர். பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடாது என்பது வேறு விஷயம். 'பங்கேற்பாளர்களே' என்று கூப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் தானே பேசும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1964 ராணுவ ஆட்சி ஃப்ரெய்ரேயைச் சிறையில் போட்டது, பிறகு சுமார் 15 ஆண்டுகள் அவர் வெளிநாடுகளில் இருந்தார். எழுத்தறிவு வகுப்பு நடத்தியதற்கு இவ்வளவா என்றால், ஆமாம். அங்கும் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு கிடையாது.

சரி, அப்படியானால் விஷயம் தெரிந்தவரே தேவையில்லையா? இங்கேதான் நான் சில நண்பர்களோடு முரண்படுகிறேன். "எல்லோரும் எல்லோரிடமிருந்தும் கற்கலாம்" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் ஒன்றும் தெரியாத அறையில் இரண்டு மணி நேரம் அபிப்பிராயம் பரிமாறிக்கொள்வது கற்றல் ஆகாது. பிரிட்டனில் தொழிலாளர் கல்விச் சங்கத்துக்காகப் பொருளாதார வரலாற்றாசிரியர் ஆர்.எச். டானி 1908 ஜனவரியில் ராச்டேல், லாங்டன் என்ற இரண்டு தொழில் நகரங்களில் வகுப்பு தொடங்கினார். நெசவாலைத் தொழிலாளர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் படித்த வகுப்பு. வாரம் 2 மணி நேரம், அதில் 1 மணி நேரம் அவர் பேசுவார், 1 மணி நேரம் அவர்கள் விவாதிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டுரை எழுத வேண்டும். 3 ஆண்டுகள் வருவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க உழைத்தவரிடம் இவ்வளவு கேட்கலாமா என்று நமக்குக் கூச்சமாக இருக்கும். அவர் கேட்டார், அவர்களும் எழுதினார்கள். உங்களை நம்பி கடினமானதைக் கொடுக்கிறேன் என்பதும் ஒருவித மரியாதைதான். பாவம், களைப்பாக இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் நீர்த்துப்போகச் செய்வதில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. பெரியவர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நடுவழியும் உண்டு. சுவீடனில் 1902-ல் ஆஸ்கர் ஒல்சன் தொடங்கிய படிப்பு வட்டங்களில் தலைவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. வட்டத்தில் ஒருவர், அவ்வளவுதான். நிபுணரின் இடத்தை நல்ல புத்தகங்கள் நிரப்பின. பிரிட்டனில் 1982-ல் தொடங்கிய மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் இன்னொரு வகை. இந்த எண்ணம் முதலில் 1973-ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் பிறந்தது, பேராசிரியர்கள் வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாக. பிரிட்டனில் அதைத் தலைகீழாக்கினார்கள். ஓய்வுபெற்றவர்கள் தங்களுக்குள்ளேயே கற்றுக்கொடுப்பார்கள். சேரத் தகுதி கேட்பதில்லை, முடித்தால் பட்டமும் கிடையாது. புவியியல் தெரிந்தவர் செவ்வாய்க்கிழமை நடத்துவார், வியாழக்கிழமை இன்னொருவரிடம் பிரெஞ்சு கற்பார். கணக்குப் பிரிவில் இருந்தவர் என்கிறீர்களே, உங்கள் குழுவில் உங்களுக்கும் ஒரு கிழமை இருக்கிறது.

இனி, துணை நிற்பவர்களைப் பற்றி. முன்னால் நிற்பவரைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள் என்பது என் பழைய மனத்தாங்கல். மேலே சொன்ன தொழிலாளர் கல்விச் சங்கத்தை 1903-ல் தொடங்கியவர் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ், 14 வயதில் பள்ளியை விட்டு குமாஸ்தா ஆனவர். அதன் முதல் நிதி, அவர் மனைவி ஃபிரான்சஸ் வீட்டுச் செலவுக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டரை ஷில்லிங் என்று சொல்வார்கள். அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்த கைதான் எனக்கு முக்கியம். படிக்க வருகிற ஒவ்வொரு பெரியவருக்குப் பின்னாலும் ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், ஷிஃப்டை மாற்றிக்கொள்கிறார், "போயிட்டு வா" என்கிறார். அந்த ஆள் இல்லாதவர்கள்தான் நின்றுபோகிறார்கள். பெரியவர்களைத் தடுப்பது எது என்று ஆராய்ந்த பட்ரீஷியா கிராஸ் மூன்று வகைத் தடைகளைச் சொன்னார்: சூழ்நிலை, நிறுவனம், மனம். நேரமும் காசும் முதலாவது, நாம் வைக்கும் கால அட்டவணையும் படிவமும் இரண்டாவது, "இந்த வயசுல எனக்கு எங்க வரப்போகுது" என்பது மூன்றாவது. மூன்றாவதைப் பற்றி நாம் நிறையப் பேசுவோம், ஏனென்றால் அது அவர்கள் பிரச்சினை. இரண்டாவது நம் பிரச்சினை. உங்கள் குழு பகல் 3 மணிக்குக் கூடுகிறதென்றால், வேலைக்குப் போகிற யாருக்கும் ஆர்வம் இல்லை என்று பிறகு குறைபட்டுக்கொள்ளாதீர்கள்.

வேலை இடத்தில் இந்தத் துணையைச் சட்டமாகவே ஆக்கிய உதாரணம் ஒன்று உண்டு. பிரிட்டனின் 2002 வேலைவாய்ப்புச் சட்டம், தொழிற்சங்கக் கற்றல் பிரதிநிதிகளுக்குச் சம்பளத்தோடு நேரம் ஒதுக்கும் உரிமையைக் கொடுத்தது. இவர்கள் பாடம் எடுப்பவர்கள் அல்லர். உடன் வேலை செய்யும் தோழர்கள். என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று சொல்வார்கள், முதலாளியோடு பேசுவார்கள். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர் மேலாளரிடம் அதைச் சொல்ல மாட்டார். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரிடம், அதுவும் தேநீர் இடைவேளையில், மெல்லச் சொல்வார். சொல்லக்கூட மாட்டார், "கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், இதுல என்ன போட்டிருக்கு?" என்பார். மூன்றாவது முறையும் கண்ணாடி மறந்துபோனால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். குழுவிலும் இது நடக்கும். அதற்கு ஒரு சுலப வழி: பலகையில் எழுதுவதை எல்லாம் வாய்விட்டு வாசித்துவிடுங்கள், எல்லோருக்குமாக. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்காது.

அப்புறம், வராமல் போனவர்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவரை நான் போனில் கூப்பிடுவேன். ஆரம்பத்தில் "ஏன் வரலை?" என்றுதான் கேட்டேன். அது எவ்வளவு பரிவாகக் கேட்டாலும் தலைமை ஆசிரியர் குரல்தான். எதிர்முனையில் ஒரு காரணம் வரும், பிறகு ஆளே வரமாட்டார், சொன்ன காரணத்தைக் காப்பாற்ற வேண்டுமே. என் கூட வேலை பார்த்த ஒரு ஒருங்கிணைப்பாளர் வேறு மாதிரி செய்தார். "போன தடவை நீங்க பாதியில விட்டது என்கிட்டதான் இருக்கு. எடுத்து வெச்சிருக்கேன்." அவ்வளவுதான் பேசுவார். ஏன் என்று கேட்க மாட்டார். ஒருவர் நாலு மாதம் கழித்து வந்தார். அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா அலமாரியிலிருந்து அவருடைய தாளை எடுத்து மேசையில் வைத்தார், தேதியோடு. வந்தவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து அதே வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார். இப்போதெல்லாம் என் அலமாரியிலும் ஒரு தட்டு இதற்கென்று இருக்கிறது.

நேரில் கூடாத வகுப்புக்கும் இது பொருந்தும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் நுழைவுத் தகுதி எதுவும் கேட்காமல் 20,000 பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டது. தொலைக்காட்சிப் பாடங்களால்தான் அது பெயர் வாங்கியது. ஆனால் தனியாக வீட்டில் உட்கார்ந்து படித்தவரைப் பிடித்துவைத்தது ஒப்படைப்பின் ஓரத்தில் ஓர் ஆசிரியத் துணைவர் எழுதி அனுப்பிய குறிப்புகள்தான் என்பேன். இன்றைய இலவச இணையப் படிப்புகளில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை. வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் எழுத ஆள் இல்லை.

கோட்பாட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் யாராவது உங்களிடம் 'ஆண்ட்ரகாஜி' என்று சொல்லப் போகிறார்கள். பெரியவர்களுக்குக் கற்பிக்கும் முறையைக் குறிக்க 1833-ல் அலெக்சாண்டர் காப் என்ற ஜெர்மானியர் பயன்படுத்திய சொல் அது. பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் மால்கம் நோல்ஸ். பெரியவர்கள் தாங்களே வழிநடத்திக்கொள்வார்கள், அனுபவத்தோடு வருவார்கள், உடனடித் தேவைக்குக் கற்பார்கள் என்பதெல்லாம் அவர் தொகுத்தது. உபயோகமானதுதான். ஆனால் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1970-ல் தன் புத்தகத் துணைத்தலைப்பில் குழந்தைகளுக்குக் கற்பிப்பதையும் இதையும் எதிரெதிராக நிறுத்திய நோல்ஸே, 1980 பதிப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டார். முதல் நாள் பெரும்பாலானோர் "நீங்களே சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்றுதான் உட்காருவார்கள். சுயமாக வழிநடத்திக்கொள்வது பத்தாவது வாரம் வரும். வந்தால் நல்லது.

சான்றிதழ். இப்போது வேண்டாம். பத்து வாரம் குழுவை நடத்துங்கள், ஒரு நோட்டில் ஒவ்வொரு வாரமும் எது ஓடியது, எங்கே அறை அமைதியானது என்று நாலு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போனால் கேட்க உங்களிடம் கேள்விகள் இருக்கும். எழுத்தறிவு, மொழி, கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று குறிப்பிட்ட வேலைக்குப் போவதானால் மட்டும் முதலிலேயே பயிற்சி எடுங்கள். அதில் ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் ஆட்களைக் காயப்படுத்திவிடுவோம்.

முதல் நாளுக்கு ஒன்று. நாற்காலிகளை வட்டமாகப் போடுவீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். போடுங்கள். ஆனால் வட்டத்தின் வாயைக் கதவுப் பக்கம் திறந்துவிட்டு, அங்கே இரண்டு நாற்காலி காலியாக வையுங்கள். அரை மணி நேரம் தாமதமாக, வரலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் யாரையும் தாண்டிப் போகாமல் உட்கார இடம் வேண்டும்.